பிசிஓஎஸ்: அரிசியை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சி, தினமும் நடை. இடுப்பளவு ஏன் குறையலை?

மாதுளை:
தங்கைக்கு பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு). வயசு 26. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. மாதவிடாய் 50 நாளுக்கு ஒருமுறைதான் வருது. காலையில கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, சாம்பார், ராத்திரி 2 சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. சாயங்காலம் 40 நிமிஷம் நடக்கிறா. மூணு மாசமாகியும் மாற்றமே இல்லை. கீட்டோவுக்கு (மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சு, கொழுப்பை அதிகமா சாப்பிடற முறை) போகணுமா? முட்டை சாப்பிட மாட்டா.

கொள்ளுப்பயறு:
முதல்ல கஞ்சியை நிறுத்துங்க. கேழ்வரகை நைசா அரைச்சுக் காய்ச்சினா மாவுச்சத்து வேகமா செரிச்சு, ரத்தச் சர்க்கரை சட்டுனு ஏறும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதனால உடம்பு இன்னும் அதிகமா சுரக்கும். அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன்ங்கிற ஆண் ஹார்மோனைக் கூட்டுது. முகப்பரு, முகத்துல முடி, தள்ளிப்போற மாதவிடாய் எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு.

அரிசியை மாத்தினீங்க, ஆனா தட்டுல மாவுச்சத்து குறையலையே. சப்பாத்திக்கு உருளைக்கிழங்கே தொடுகறி! புரதம்தான் ரொம்பக் குறைவு. காலையில பச்சைப்பயறு தோசை (50 கிராம் பயறுல சுமார் 12 கிராம் புரதம்). மதியம் சோறு ஒரு கப் போதும். சாம்பார்த் தண்ணியை நம்பாம கெட்டிப் பருப்பு, இரண்டு கப் பொரியல். பொரியலையும் பருப்பையும் முதல்ல சாப்பிட்டுட்டு சோத்துக்கு வரட்டும், சர்க்கரை மெதுவா ஏறும். ராத்திரி குருமாவுல உருளைக்குப் பதில் மீல் மேக்கர் (சோயா உருண்டை), காய்ஞ்சது 25 கிராம் போட்டா 13 கிராம் புரதம்.

படிக்கட்டு:
நடையில நேரம் போதும். 2023 சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல், எடை குறைய வாரத்துக்குக் குறைஞ்சது 250 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி கேக்குது. தங்கை 280 நடக்கிறா. வேகத்தைப் பாருங்க: பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுல 15 நிமிஷத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னாடி வைங்க. வேலை செய்யற தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கும்.

விட்டுப்போனது தசைப் பயிற்சி. வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளா வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்து எழறது 10 தடவை, சுவத்துல ஊன்றித் தண்டால் 8 தடவை, 5 லிட்டர் தண்ணி கேனை இடுப்பு வரை இழுக்கிறது கைக்கு 10 தடவை. எல்லாம் மூணு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமா இருக்கணும். சுலபமாயிட்டா எடையைக் கூட்டுங்க. பலர் மாசக்கணக்கா அதே கேனோட நின்னுடறாங்க.

கொள்ளுப்பயறு:
கீட்டோ வேண்டாம். எந்த ஒரு உணவுமுறையும் மத்ததைவிட மேல்னு அந்த வழிகாட்டுதல் சொல்லலை. தொடர்ந்து சாப்பிட முடியறதுதான் பலன் தரும். 5 சதவீதம், அதாவது மூணரை கிலோ குறைஞ்சாலே பலருக்கு மாதவிடாய் சீராகும். இடுப்பை மாசம் ஒருமுறை அளங்க, இலக்கு 80 செ.மீ.க்குக் கீழே. 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் (குளுக்கோஸ் கரைசலைக் குடிச்சுட்டு ரத்தச் சர்க்கரை பார்க்கறது), தைராய்டு ரெண்டும் பார்த்தாச்சா? மாதவிடாய் 90 நாள் தாண்டினா காத்திருக்காதீங்க, கருப்பை உள்சவ்வு தடிச்சுப்போகும், டாக்டரைப் பாருங்க.

மாதுளை:
தைராய்டு நார்மல். குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கலை, இந்த வாரமே எடுக்கறோம். நாளைக்கே பயறு ஊறப்போடறேன்.