மொதல்ல எந்த நேஷனல் பார்க்? ஜூன் கடைசில ஒரு வாரம், கூட அம்மாவும் ரெண்டு வாண்டுகளும்

திருதிரு:
வணக்கம் மக்களே. அமெரிக்கா வந்து நாலு வருஷமாச்சு, இன்னும் ஒரு நேஷனல் பார்க் கூட பாத்ததில்ல, வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. ஜூன் கடைசில ஒரு வாரம் லீவு கெடச்சிருக்கு, அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க (மூட்டு வலி, அரை மைல் நடந்தாலே உக்கார எடம் தேடுவாங்க), பையன் நாலாங்கிளாஸ் முடிக்கிறான், பொண்ணுக்கு 5. மொத்தம் 63 பார்க்காம், லிஸ்ட்ட பாத்தாலே தல சுத்துது. வீட்டுக்காரர் போட்ட பிளான்: வேகாஸ்ல எறங்கி ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன், அப்டியே யோசெமிட்டி, எல்லாம் ஏழு நாள்ல. ஒரே நாள்ல ஒம்பது நவகிரக கோயிலயும் முடிக்கிற வேன் டூர் ஞாபகம்தான் வருது எனக்கு. எத வச்சுக்கலாம், எத தூக்கலாம்?

காட்டுப்பாதை:
சிஸ்டர், அந்த ஏழு நாளும் ஸ்டியரிங் யார் கைல? பேர வச்சு பாக்காதீங்க, மாசத்த வச்சு பாருங்க. ஜூன் கடைசில ஜயான் பள்ளத்தாக்குக்குள்ள 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம், சீசன்ல உள்ள சொந்த வண்டியும் விட மாட்டாங்க ஷட்டில்தான், அங்க நாரோஸ்ங்குற குறுகலான பள்ளத்தாக்குல ஆத்துக்குள்ளயே நடக்குறது சூப்பரா இருக்கும்தான் ஆனா காலுக்கடியில பூரா உருண்ட கல்லு, வழுக்கும், அம்மாவுக்கு சுத்தமா ஆகாது.

யெல்லோஸ்டோன் போங்க. நவம்பர்ல முக்கால்வாசி ரோட்ட காருக்கு மூடிருவாங்க, ஏப்ரல் பாதிக்கு மேலதான் ஒண்ணொண்ணா தெறக்கும், அதனால கோடைக்குன்னே ஒதுக்க வேண்டிய பார்க் அது. உள்ள ரோடு 8 போட்ட மாதிரி 142 மைல், பாதி எடத்துல வண்டிய நிறுத்திட்டு கொஞ்சம் நடந்தாலே வெந்நீர் ஊத்து வந்துரும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ங்குற வெந்நீர் ஊத்து கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா பீச்சும், அடுத்தது எப்பன்னு விசிட்டர் சென்டர்ல எழுதி போட்டிருப்பாங்க, சுத்தி பெஞ்சுதான், அம்மா உக்காந்துட்டே பாக்கலாம். பொண்ணு கைய மட்டும் விட்டுராதீங்க, மரப்பாதைய விட்டு எறங்குனா மேல இருக்குற மண்ணு அப்பளம் மாதிரி, கீழ கொதிக்குது.

அதே பார்க்ல இருக்குற லமார் பள்ளத்தாக்குக்கு விடியக்காலைலயே போயிடுங்க. நாங்க போனப்ப காட்டெருமை கூட்டம் ரோட்ட மறிச்சுருச்சு, ஒண்ணு என் சைடு கண்ணாடிகிட்ட வந்து நின்னு ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு வெளிய ஒண்ணுமே தெரியல, காருக்குள்ள ஒருத்தரும் பேசல. எறங்கி செல்ஃபி எடுக்குற வேலையெல்லாம் வேணாம், 25 கஜம் தள்ளியே நிக்கணும், கரடி ஓநாய்னா 100 கஜம். தெக்கு கேட் வழியா எறங்குனா கிராண்ட் டீட்டன், ஒரு டிரிப்புல ரெண்டு பார்க் ஆச்சு. தங்குறதுதான் தலவலி, உள்ள இருக்குற லாட்ஜெல்லாம் மாசக்கணக்கா முன்னாடியே ஃபுல் ஆயிடும், யாராச்சும் கேன்சல் பண்ணிருக்காங்களான்னு தினமும் பாத்துட்டே இருக்கணும்.

செம்மண்_பிரியன்:
மேல சொன்னவர் ஜயான், பிரைஸெல்லாம் இருக்குற யூட்டாவ ஒரேயடியா ஓரங்கட்டிட்டாரே 🙂 வெயில்னா ஜயானோட நிறுத்துங்க, பிரைஸ் கேன்யன் என்ன பாவம் பண்ணுச்சு? விளிம்பே 8000 அடிக்கு மேல, ஜூன்ல கூட காலைல ஸ்வெட்டர் கேக்கும். சன்ரைஸ் பாயின்ட்லேர்ந்து சன்செட் பாயின்ட் வரைக்கும் அரை மைல் தார்ப்பாதை, மேடு பள்ளம் கம்மி, கீழ ஆயிரக்கணக்குல செவந்த கல்தூண். அம்மாவால முடியும். பிரைஸ், அப்புறம் கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் (தெக்கு விளிம்பு), ரெண்டே ரெண்டு வச்சுக்கிட்டா வீட்டுக்காரர் பிளானும் பாதி நிக்கும். மேப்ப பாத்துட்டு நார்த் ரிம் பக்கத்துலதானேன்னு நெனச்சுறாதீங்க, கண்ணுக்கு 10 மைல், ரோட்டுல சுத்துனா 200க்கு மேல, 2025 காட்டுத்தீயில அங்க இருந்த லாட்ஜே எரிஞ்சு போச்சு. அந்த பக்கம் இருக்குற ஆன்டிலோப் கேன்யன் நேஷனல் பார்க்கே இல்ல, நவஹோ பழங்குடி மக்களோட நெலம், பார்க் பாஸ் அங்க செல்லாது.

இன்னொண்ணு, நெவாடாலேர்ந்து யூட்டாக்குள்ள நொழஞ்சதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிரும். இது தெரியாம பிரைஸ்ல புக் பண்ண குதிரை சவாரிக்கு நாங்க "கரெக்ட் டைமுக்கு" போய் நின்னோம், குதிரையெல்லாம் எப்பவோ கெளம்பி போயிருந்துச்சு.

அரைடிக்கெட்:
நாலாங்கிளாஸா?? அப்ப அந்த பசங்களுக்கு ஃப்ரீ பாஸ் இருக்கே, எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்னு தேடுங்க. ஆகஸ்ட் 31 வரைக்கும் செல்லும், ஒரு கார் ஆளுங்க மொத்தமும் உள்ள போலாம். பேப்பர்ல பிரின்ட் எடுத்துட்டு போங்க.

திருதிரு:
எல்லாருக்கும் தேங்க்ஸ். பாஸ் மேட்டர் சுத்தமா தெரியாது, இப்பவே பிரின்ட் எடுத்தாச்சு. இந்த தடவ யெல்லோஸ்டோன், கூட டீட்டன், அவ்ளோதான். பிரைஸ் அக்டோபர்லன்னு சொல்லி வீட்டுக்காரர சமாதானம் பண்ணிருக்கேன், மூஞ்சிய தூக்கி வச்சுட்டு ரூம் தேடிட்டிருக்காரு. அம்மாகிட்ட காட்டெருமை கதைய சொன்னேன், எரும பாக்கவாடி இவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்தேன்னு கேக்குறாங்க.