அம்மாவின் மறதிக்குப் பின்னால் இருந்த மாத்திரை

அம்மாவுக்கு எழுபது தாண்டியதும் மறதி வந்தது. பேச்சின் நடுவே நின்றுவிட்டு, "என்ன சொல்ல வந்தேன்?" என்று என் முகத்தையே பார்ப்பார். வயசாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடித்துவிட்டார்கள். கால் மரத்துப்போவதும் சர்க்கரையின் கணக்கில் எழுதப்பட்டது. ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தவரின் ஒரு காலில் செருப்பே இல்லை. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒரு இசைக்கவையைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கட்டைவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?" "எதுங்க?" என்றார் அம்மா. கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் தள்ளாடினார். அடுத்த கேள்வி மாத்திரைகளைப் பற்றி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், இரண்டுமே பல வருடப் பழக்கம். போதாக்குறைக்கு சுத்த சைவம், பாலும் பிடிக்காது.

பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. உணவிலிருந்து இதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் அதைக் குறைக்கும். மெட்ஃபார்மின் குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு உண்டு என்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். அதற்குள் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடத் தொடங்கிவிடும். பி12 குறைந்தால் வழக்கமாக வரும் ரத்தசோகை இல்லையே என்றும் நம்பியிருக்க முடியாது; ஃபோலிக் அமிலம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் சரியாக இருக்க, நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகலாம்.

ஊசி போட்டார்கள். சில மாதங்களில் பேச்சு பழையபடி கோர்வையாக வந்தது. பாத எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மறுமொழி: அக்கா, எங்கள் வீட்டில் விஷயம் சட்டையில் வந்தது. தம்பி பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். வந்ததும் குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சட்டையின் தூசிதான் குழந்தையின் ரத்தத்தில் ஈயமாக ஏறியிருந்தது. பட்டறைப் பக்கமே போகாத பிள்ளை!

ஈயம் உடலில் கால்சியம்போல நடித்து நரம்புக்குள் நுழைந்துவிடும், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவர் இரும்புச்சத்தையும் பார்த்தார், ஏனென்றால் இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்குமாம். இப்போது தம்பி பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறான். தரையை உலர் துடைப்பத்தால் பெருக்குவதில்லை, ஈரத்துணியால்தான் துடைக்கிறோம். அளவு இறங்குகிறது. படிப்பில் கவனம் எவ்வளவு திரும்பும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

மறுமொழி: அப்பாவுக்கு டிமென்ஷியா வந்ததிலிருந்து கீரை, பெர்ரி, கொட்டைகள் என்று, மூளை நலனுக்காக வகுத்த மைண்ட் (MIND) உணவுமுறையைப் பின்பற்றுகிறேன். 2023இல் வெளியான, இந்த உணவுமுறை பற்றிய சோதனையில் 604 பேரை மூன்று வருடம் கவனித்தும், மூளைத் திறனில் ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதயத்துக்கு நல்லது என்று தொடர்கிறேன், மூளைக்கு என்று யாருக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். அக்கா, அம்மா மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார்களா?

மறுமொழி: இல்லைங்க, சர்க்கரைக்கு அது வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்படி குறைத்தோம். வருடம் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறார்.