பிப்ரவரி விடுமுறை, இரண்டு பேர், தலைக்கு 450 யூரோ: இந்தத் திட்டம் தேறுமா?

வைகறை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் மாக்டபர்கில் எம்.எஸ். முதல் வருடம். என் கல்லூரித் தோழி இத்தாலியில் பதுவாவில் படிக்கிறாள். பிப்ரவரியில் தேர்வு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு நாள் சுற்றலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். தலைக்கு 450 யூரோ, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற கணக்கு) மாதம் வருகிற 992 யூரோவில் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் போக மிச்சம் பிடித்த காசு இது, வீட்டில் கேட்க மனசு வரவில்லை.

இப்போதைக்கு எங்கள் பட்டியல்: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சூரிச், வெனிஸ், வியன்னா, பிராக், புடாபெஸ்ட். முடிந்தவரை இரவு பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் பயணிகள் தங்குகிற ஹாஸ்டலுக்கான காசு மிச்சம் என்பது என் கணக்கு, சரிதானா?

இன்னொன்று, கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவளுக்குக் கை தாராளம், எந்த ஊருக்குப் போனாலும் கடையில் உட்கார்ந்து அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டாக வேண்டும் என்பாள். நான் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள். இதை எப்படிச் சமாளிப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்பேக்கரை:

பன்னிரண்டு நாளில் ஏழு ஊர் என்றால் பஸ் ஸ்டாண்டுகளைத்தான் சுற்றிப் பார்ப்பீர்கள். இரவு பஸ் கணக்கு காகிதத்தில் நன்றாக இருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு, பிப்ரவரிக் குளிரில், ஊருக்கு வெளியே எங்கேயோ இறக்கிவிடுவான். ஹாஸ்டலில் அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பையை வைக்க லாக்கருக்குக் காசு, பாத்ரூமுக்குக் காசு, சூடாக உட்கார ஒரு காபி, அது ஆறியதும் இன்னொரு காபி. மதியம் இரண்டு பேரும் எரிந்து விழுந்துகொண்டு நிற்பீர்கள். தூரம் அதிகமான ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் இரவு பஸ் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் செமஸ்டர் கட்டணத்தோடு டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், பஸ்ஸில் போகிற பாஸ்) வருகிறதா என்று பாருங்கள், பல பல்கலைக்கழகங்களில் வருகிறது. வந்தால் ஜெர்மனிக்குள் உங்களுக்குப் பயணச் செலவே இல்லை. ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் என்கிற வட்டார, லோக்கல் ரயில்களில் எல்லாம் அது செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. என்கிற நெடுந்தூர ரயில்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். மாக்டபர்கிலிருந்து லைப்சிக் வழியாக டிரெஸ்டன், அங்கிருந்து எஸ்1 என்ற எஸ்-பான் ரயிலைப் பிடித்தால் எல்பே ஆற்றங்கரையோடு செக் எல்லையில் உள்ள ஷோனா வரை அதே டிக்கெட்டில் போகலாம். வழியில் ராத்தனில் இறங்கி, சின்னப் படகில் ஆற்றைக் கடந்து பாஸ்டை பாலத்துக்கு ஏறுங்கள். மணற்பாறைகளுக்கு நடுவே 1851இல் கட்டிய கல்பாலம். படகுக்குச் சில்லறைக் காசுதான், பாலத்துக்குக் கட்டணமே இல்லை. என்னைக் கேட்டால் சூரிச்சில் செலவழிக்கிற ஒரு நாளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த மாதம் படிகளில் ஐஸ் உறைந்திருக்கும், வழவழத்த அடியுள்ள ஸ்னீக்கர்ஸோடு ஏறாதீர்கள்.

அப்புறம் எல்லையைத் தாண்டி டெச்சின், அங்கிருந்து பிராக், பிர்னோ, வியன்னா, புடாபெஸ்ட் என்று ஒரே கோட்டில் கிழக்கே இறங்குங்கள். பிராகுக்கும் வியன்னாவுக்கும் நடுவே ரெஜியோஜெட் என்று மஞ்சள் ரயில் ஓடுகிறது, முன்கூட்டியே எடுத்தால் மலிவு. ஆம்ஸ்டர்டாமை வெட்டிவிடுங்கள்: படுக்கை விலையே அதிகம், அதற்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு. வெனிஸ் அவள் ஊரிலிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரம்தான், அதற்கு ஒரு ராத்திரியைச் செலவழிக்க வேண்டாம். பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா நடக்கும்போது அங்கே படுக்கை விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

பெர்மெசோவுக்குக் காத்திருப்பவன்:

ஊரெல்லாம் பிறகு பார்க்கலாம். உங்கள் தோழியின் பெர்மெசோ கார்டு (இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) கையில் வந்துவிட்டதா? நான் இத்தாலியில்தான் இருக்கிறேன், இங்கே கார்டு வர மாதக்கணக்கில் ஆகும். போஸ்ட் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் இருக்கலாம், இந்தியாவுக்கு நேராகப் போய் வரலாம். மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிவிட்ட ஐரோப்பிய நாடுகள்) சுற்ற அந்த ரசீது செல்லாது. பாஸ்போர்ட்டில் உள்ள டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) இன்னும் காலாவதி ஆகவில்லை என்றால் பிரச்சினை இல்லை, அதைக் காட்டி 180 நாளில் 90 நாள் வரை மற்ற நாடுகளில் இருக்கலாம். விசா முடிந்து கார்டும் வராத இடைவெளியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஷெங்கனுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பஸ்ஸை ஓரங்கட்டி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டாகப் பார்ப்பார்கள். ஜெராக்ஸ், போனில் உள்ள போட்டோ எதுவும் எடுபடாது, அசலைக் கையில் வைத்திருங்கள்.

சாம்பார்_அக்கா:

காசு விஷயம் கேட்டதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, வைகறை. டிக்கெட் போடுவதற்கு முன்னாடியே, இன்றைக்கே போனில் பேசிவிடு. "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று தொகையைச் சொல். "பட்ஜெட்டில் போகலாம்" என்று பொதுவாகச் சொன்னால் அவள் பட்ஜெட் வேறு, உன் பட்ஜெட் வேறு.

நானும் என் ரூம்மேட்டும் எப்படிச் செய்தோம் என்றால், படுக்கை, பயணம், மளிகை இந்த மூன்றுக்கு மட்டும் பொதுப்பணம். இரண்டு பேரும் சமமாகப் போட்டு ஒரு ஜிப் பையில் வைத்துவிடுவோம். கடைச் சாப்பாடு, காபி, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் எல்லாம் அவரவர் கை. செலவைப் பங்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்வைஸ் ஆப்பில் ஒவ்வொரு காபியையும் ஏற்றுவது ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் வளர்க்க நல்ல வழி, வேண்டாம். அவள் உணவகத்துக்குப் போகிற அன்று நீயும் கூடவே போய் ஒரு சூப் வாங்கிக்கொண்டு உட்காராதே, அது இரண்டு பேருக்கும் சங்கடம். அந்த ஒரு மணி நேரம் நீ தனியாக எங்கேயாவது நடந்துவிட்டு வா. ஆனால் ஊருக்கு ஒரு நல்ல சாப்பாடு சேர்ந்து சாப்பிட்டுவிடு. செக், ஆஸ்திரியா இரண்டு இடத்திலும் மதியத்தில் தினசரி மெனு என்று போடுவார்கள், அதே கடையில் ராத்திரி அதே தட்டுக்குக் கூடுதல் விலை.

சமையலறை உள்ள ஹாஸ்டலாகத் தேடு. குட்டி எலக்ட்ரிக் குக்கரை அறையில் செருகாதே, ஒரு ஹாஸ்டலில் எங்கள் ரசத்தின் ஆவிக்கு ஃபயர் அலாரம் அடித்து மொத்த மாடியும் பனியில் வந்து நின்றது. தாளிப்பை வீட்டிலேயே முடித்து டப்பாவில் கொண்டுபோ. சொந்தப் பூட்டு ஒன்று எடுத்துக்கொள், பல இடங்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. பெண்களுக்கு மட்டுமான அறை இரண்டு மூன்று யூரோ கூட இருந்தால் யோசிக்காமல் எடு, நிம்மதியாகத் தூங்கலாம். வியன்னாவில் தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண், மலை ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. பிராக், புடாபெஸ்ட் ஏ.டி.எம்.மில் "யூரோவில் எடுக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், உள்ளூர்க் காசிலேயே கணக்கு ஆகட்டும்.

வைகறை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவளுடைய டி விசா ஆகஸ்ட் வரை இருக்கிறதாம், இப்போதுதான் போட்டோ அனுப்பினாள். தொகையையும் சொல்லிவிட்டேன். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா, நான் நீ பணக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்கிறாள். ஆம்ஸ்டர்டாம், சூரிச் போச்சு. பாரிஸை மட்டும் விட அவளுக்கு மனசில்லை, லூவர் அருங்காட்சியகம் பார்த்தே ஆக வேண்டுமாம்.

எல்பேக்கரை:

பாரிஸை இந்தப் பயணத்தில் நுழைக்காதீர்கள், அது எதிர்த் திசை. தனியாக ஒரு நீண்ட வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் 26 வயது ஆகவில்லை என்றால் அதற்குள் போய்விடுவது நல்லது: ஜெர்மனி, இத்தாலி எல்லாம் அடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கிற 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை எல்லாம் இலவசம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, குடியிருப்பு அட்டை போதும். உங்கள் தோழி இருக்கிற இத்தாலியில் கதை வேறு, அங்கே அரசு அருங்காட்சியகங்களில் 2 யூரோ இளைஞர் டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். நமக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நுழைவுதான் கதி. லூவருக்கு இலவசம் என்றாலும் நேரத்தை ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். மலிவு விமானம் பார்த்தால் எந்த விமான நிலையம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். "பாரிஸ் போவே" என்று போட்டிருப்பார்கள், அது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரயிலே மலிவாக இருக்கும்.

பெர்மெசோவுக்குக் காத்திருப்பவன்:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த மலிவு விமானங்கள் சிலவற்றில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாதவர்கள் கவுண்டரில் விசா சரிபார்ப்பு முடித்த பிறகுதான் விமானம் ஏறுகிற கேட்டுக்குப் போக முடியும். ஆன்லைனில் செக்-இன் ஆகிவிட்டதே என்று கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள்.