டாட்சன் 240இசட் வாங்கலாமா? விற்பவர் "சீரிஸ் ஒன்" என்கிறார், படங்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது

முரளி (ஃப்ரீமான்ட்):

வணக்கம். நான் இருப்பது கலிஃபோர்னியாவில். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட கார் டாட்சன் 240இசட், நிசான் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சாக்ரமென்டோ பக்கம் ஒருவர் சிவப்பு நிற 1971 கார் ஒன்றை 46,000 டாலருக்கு விற்கிறார். "சீரிஸ் ஒன், ஒரிஜினல் எஞ்சின், முழுக்க ரெஸ்டோர் செய்தது" என்று போட்டிருக்கிறார். வாங்கி உடனே விற்கும் எண்ணம் இல்லை. வைத்துப் பராமரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி, பிற்பாடு மகளிடம் கொடுக்க வேண்டும்.

படங்களில் ஒரு விஷயம் இடிக்கிறது. பின்கதவில் இரண்டு காற்றுத் துளைகள் இருக்கின்றன. பின் ஜன்னலை ஒட்டிய தூணிலோ வட்டமான இசட் சின்னம் இருக்கிறது. கதவு இடுக்குத் தகட்டில் 3/71 என்று தெரிகிறது. காரின் அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

பழைய ஸ்பேனர்:

முரளி தம்பி, போவதற்கு முன்பே கேட்டது நல்லது. நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமும் ஒரே காரில் சேர்ந்து இருக்கக் கூடாது. 1971 ஜனவரி வாக்கு வரை வந்த சீரிஸ் ஒன் கார்களில் காற்றுத் துளை பின்கதவில் இருக்கும். தூணில் "240இசட்" என்ற எழுத்து மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு துளையைத் தூணுக்கு மாற்றி, அங்கே வட்டச் சின்னத்தை வைத்தார்கள். மார்ச் 71 தகட்டுக்கு அந்தத் தூண் சரி. பின்கதவுதான் வேறு காரிலிருந்து வந்திருக்கிறது.

ஏன் மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. சீரிஸ் ஒன் என்று சொன்னால் விலை ஏறும், அதற்காக இருக்கலாம். பழைய கதவு துருப்பிடித்துப் போயிருக்கலாம். பின்னால் யாராவது வந்து இடித்தும் இருக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் தேடிப் பாருங்கள். பின்பக்கக் கம்பளத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்னி குழியில் டார்ச் அடியுங்கள். தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டக் குழிகளாகத் தெரியும். அந்த இடத்தில் நீளமாக ஓடும் வெல்டிங் கோடோ, மொழுமொழுவென்று பட்டி பூசிய பரப்போ இருந்தால், டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று பொருள்.

அப்புறம் எண்கள். சேஸிஸ் எண் ஹெச்எல்எஸ்30 என்று தொடங்க வேண்டும்; இடப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கு அதுதான். டாஷ்போர்டின் இடது ஓரத்தில் கண்ணாடி வழியாகத் தெரியும். எஞ்சின் அறையில் ஃபயர்வால் தகரத்திலேயே (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர்) பொறித்திருக்கும். எஞ்சின் அறைத் தகட்டிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், காரின் உரிமையைக் காட்டும் டைட்டில் பத்திரத்திலும் அதே எண் இருக்க வேண்டும். அதே எஞ்சின் அறைத் தகட்டில் எஞ்சின் எண்ணும் உண்டு. அதைக் குறித்துக்கொண்டு, எஞ்சினின் அடி உடலான பிளாக்கின் வலப்பக்கம், ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில், அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்24 என்று தொடங்கினால்தான் அந்தக் காலத்து 2,393 சிசி எஞ்சின்.

ஆனால் இந்தக் காரில் எஞ்சினைவிடப் பெரிய விஷயம் தகரம். எல் வரிசை எஞ்சின் முரட்டு எஞ்சின், பாகமும் கிடைக்கும், பிரித்துச் சேர்க்கவும் ஆள் உண்டு. துரு ஏறிய உடம்பைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு காரே வாங்கிவிடலாம். நான் எப்போதும் பாட்டரித் தட்டில்தான் தொடங்குவேன். அது எஞ்சின் அறையின் வலது பின்மூலையில் இருக்கிறது. பல வருடம் கசிந்த ஆசிட் தட்டைத் தின்றுவிட்டு, அதன் கீழே ஓடும் சட்டத்துக்கு இறங்கும். அந்தச் சட்டம் அப்படியே காரின் தரைக்கு அடியில் போகிறது. மெல்லிய தகரம், ஜாக் வைத்தே பலர் நசுக்கியிருப்பார்கள். அடுத்து, கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கீழ்மூலை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. வைப்பருக்கு அடியில் தண்ணீர் வடியும் பள்ளத்தையும் விடாதீர்கள்.

புதுக் கறுப்புப் பூச்சு பற்றி: நல்ல தகரத்தை மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பூசுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காக ரெஸ்டோர் செய்தவரிடம் படங்கள் நிறையவே இருக்கும்.

ஸ்கார்பரோ சிவா:

முரளி அண்ணா, டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன். கார் இப்போது கலிஃபோர்னியாவில் நிற்கிறது என்பதற்காக எப்போதும் அங்கேதான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்தக் காலத்துத் தகரத்துக்குத் துருவைத் தாங்கும் பூச்சு அதிகம் கிடையாது, சில குளிர்காலத்திலேயே கரைந்துவிடும். இங்கே தப்பிப் பிழைத்த 240இசட்கள் சரியான குறைவு. அப்படித் தப்பிய கார்கள் பெயின்ட் அடித்துச் சூடான மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போவதும் உண்டு. எந்தெந்த மாநிலத்தில் பதிவாகி இருந்தது என்ற வரலாற்றை எடுத்துப் பாருங்கள். பழைய சர்வீஸ் பில் ஒன்று இருந்தால்கூட ஊர் தெரிந்துவிடும்.

யோகோஹாமா வாசி:

நேரடியாக ஜப்பானிலிருந்து எடுக்கலாமே? 25 வருடம் தாண்டிய காரை அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை இல்லை. ஆனால் இங்கே இருப்பது ஃபேர்லேடி இசட், இதே காரின் ஜப்பான் வடிவம். வலப்பக்க ஸ்டீயரிங். பெரும்பாலானவை 2 லிட்டர் எல்20 எஞ்சின், ஏனென்றால் அதற்கு மேல் போனால் வரி அதிகம். ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் எஸ்20 எஞ்சினை வைத்து வந்த இசட்432 சில நூறுதான் தயாரானது. அதன் விலை வேறு உலகம். குடும்பத்தோடு அமெரிக்க ரோட்டில் ஓட்டுவதற்கு, அமெரிக்காவுக்காகவே செய்த இடப்பக்க ஸ்டீயரிங் கார்தான் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

முரளி (ஃப்ரீமான்ட்):

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சேஸிஸ் எண் எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறது. எஞ்சின் ஒத்துப்போகவில்லை. பிளாக்கில் எல்28 என்று பொறித்திருக்கிறது. ஸ்டெப்னி குழியின் பின்சுவர் மொழுமொழுவென்று இருக்கிறது, ஒரு குழிகூடத் தெரியவில்லை. இடது கீழ்மூலையில் காந்தம் நிற்கவே இல்லை. பூச்சுக்கு முந்தைய படங்களைக் கேட்டேன், போன் மாற்றியபோது போய்விட்டன என்றார். ஓட்டிப் பார்த்தால் மட்டும் அருமையாக இருக்கிறது, அதுதான் மனதைக் குழப்புகிறது. விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

பழைய ஸ்பேனர்:

எல்28 என்றால் 280இசட் கார்களில் வந்த 2.8 லிட்டர் எஞ்சின். இழுவை அதிகம், அதனால்தான் ஓட்ட நன்றாக இருக்கிறது. ஓட்டும் சுகத்துக்கு மட்டும் வாங்குபவருக்கு அது குறையே இல்லை. சேகரிப்பவருக்கு அது வேறு கணக்கு: எஞ்சின் மாறியிருக்கிறது, பின்கதவு மாறியிருக்கிறது, பின்பக்கம் அடி வாங்கியிருக்கிறது, விளம்பரத்தில் சொன்னது எதுவும் நிற்கவில்லை. என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் இதை எடுக்க மாட்டேன். விலை குறையலாம், உள்ளே இருக்கும் துருவும் பட்டியும் குறையாது.

1970-ல் இந்தக் கார் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு வந்தது. 2020 ஜனவரியில் 1971 கார் ஒன்று ஆன்லைன் ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அது குறைந்த மைல் ஓடி, மிக நன்றாகப் பாதுகாத்த கார். அந்தச் செய்தியைப் படித்த பிறகு பளபளக்கும் ஒவ்வொரு காருக்கும் விலை ஏற்றிச் சொல்கிறார்கள். ஜொலிப்பைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் வெளிவந்த நிலை ஒரு தடவை போனால் போனதுதான். மங்கிய பெயின்ட், வெடித்த டாஷ்போர்டு, ஆனால் கைபடாத கார் ஏதாவது உங்கள் பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

முரளி (ஃப்ரீமான்ட்):

இருக்கிறது அண்ணா. ஃப்ரெஸ்னோவில் ஒரு 1972, பழுப்பு நிறம். ஒரே குடும்பத்தின் கையிலேயே இருந்திருக்கிறது, பழைய பில்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். தகட்டில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ளதும் ஒன்றே. பாட்டரித் தட்டு ஓட்டையாகிவிட்டது, ஆனால் அடிச்சட்டம் கெட்டியாக இருக்கிறது. டாஷ்போர்டு வெடித்திருக்கிறது. கேட்பது 29,000. பல வருடம் ஓடாமல் நிற்கிறது.

பழைய ஸ்பேனர்:

இதைப் பற்றித்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்! 1972 என்பதால் வட்டத் தலை கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) இரட்டையாக இருக்கும். 1973-ல் வந்த தட்டைத் தலை வகை சூட்டில் தகராறு செய்யும், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

நிற்கும் காரை உடனே ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். டேங்கில் பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும், அதை இறக்கிவிட்டு டியூப்களை மாற்ற வேண்டும். வால்வ் கவரைத் திறந்து, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைப் பாருங்கள். அதன் மேலே எண்ணெய் தெளிக்கும் மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது, அதன் இணைப்புகள் தளர்ந்தால் எண்ணெய் போகாமல் கேமின் முனைகள் தேயும். விரல் நகத்தால் வருடினால் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். சொரசொரப்போ பள்ளமோ தட்டினால் விலையில் பேசுங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், ஆறு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1975 வரைக்குமான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) கிடையாது, அந்தக் கவலை வேண்டாம். இன்ஷூரன்ஸ் மட்டும் சாதாரண பாலிசியாக எடுக்காதீர்கள். காரின் மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதித் தரும் கிளாசிக் கார் பாலிசி எடுங்கள். பெயின்டைத் தொடவே தொடாதீர்கள், கழுவி மெழுகு போட்டால் போதும்.

முரளி (ஃப்ரீமான்ட்):

மிக்க நன்றி அண்ணா. சிவா, யோகோஹாமா நண்பர், உங்களுக்கும் நன்றி. சிவப்புக் காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃப்ரெஸ்னோ குடும்பத்தாரிடம் பேசியாகிவிட்டது, அடுத்த வாரம் எல் எஞ்சின் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேம் முனைகளைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.