ஒன்ராறியோவில் ஆசிரியர் சான்றிதழ்: திருச்சித் தங்கையின் கேள்வியும் என் பதிலும்

கேள்வி: திருச்சியிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பி.எஸ்சி. கணிதமும் 2012-இல் பி.எட்.டும் முடித்து ஏழு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தினேன். இங்கே ஆசிரியராக வேண்டுமானால் மறுபடியும் பி.எட். படிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா, அக்கா?

பதில்: எடுத்த எடுப்பிலேயே எந்தப் பல்கலைக்கழகத்திலும் பணம் கட்டிவிடாதீர்கள். அரசு நிதியில் இயங்கும் பள்ளியில் நிரந்தரமாகக் கற்பிக்க வேண்டியது ஒன்ராறியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ் தரும் சான்றிதழ். பெயர்தான் காலேஜ், அங்கே வகுப்பு எதுவும் நடப்பதில்லை. 1997 முதல் ஆசிரியர்களுக்குச் சான்றளித்துக் கண்காணிக்கும் அமைப்பு அது. உங்கள் படிப்பை எடைபோடுவதும் அவர்கள்தான். எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு இடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. இங்கே 2015 முதல் ஆசிரியர் பயிற்சி நான்கு பருவங்களாகிவிட்டது. அதில் குறைந்தது 80 நாள் பள்ளிப் பயிற்சியும் அடங்கும். 2012-இல் தமிழ்நாட்டில் பி.எட். ஓராண்டுப் படிப்புதான். ஆகவே சில பாடங்களைப் பின்னர் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்றிதழ் வர வாய்ப்பிருக்கிறது. அது நிராகரிப்பு இல்லை. பார்த்ததும் அழ வேண்டாம், நான் அழுதேன்.

உண்மையில் ஆளைக் களைப்படைய வைப்பது காகித வேலைதான். மதிப்பெண் பட்டியலை நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். உங்களுக்கு இது இரண்டு வாசல் வேலை: பி.எஸ்சி. ஒரு பல்கலைக்கழகம், பி.எட். சென்னையிலுள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஊரில் அண்ணனோ தம்பியோ இருந்தால் நேரில் போய் நிற்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் என் தம்பி மூன்று முறை போய் நின்றான். மூன்றாவது முறைதான் உறை புறப்பட்டது. கற்பிக்கத் தகுதி பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கல்வித் துறையிடமிருந்து ஒரு கடிதமும் தேவை. அதை இன்றே கேட்கத் தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்ச் சான்றிதழில் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயர். நமக்கு ஒரே ஆள், இங்கே கோப்பைத் திறப்பவருக்கு மூன்று பெண்கள். திருமணச் சான்றிதழையும், மூன்று பெயர்களும் ஒருவருடையவை என்ற சத்தியக் கடதாசியையும் முதலிலேயே சேர்த்து அனுப்பிவிடுங்கள். என் கோப்பு இதற்காகவே மாதக்கணக்கில் கிடந்தது.

குடியேற்றத்துக்கு எழுதிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு இங்கே உதவுமா என்று காலேஜிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் அகடமிக் பிரிவு என்றால் ஒட்டுமொத்தம் 7, எழுத்திலும் பேச்சிலும் 7-க்குக் குறையக்கூடாது. நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எழுத்தில்தான். குடியேற்றத்துக்காக எடுத்த கல்வி மதிப்பீட்டு அறிக்கையும் இந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. புதிய ஆசிரியர்களுக்கான கணிதத் தேர்வை 2021-இல் நீதிமன்றம் ஒன்று செல்லாது என்றது, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு டீச்சருக்கு அதில் என்ன பயம்!

கேள்வி: சான்றிதழ் வரும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாது, அக்கா. வாடகை இருக்கிறது.

பதில்: இருக்க வேண்டாம். மதிய உணவு வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சான்றிதழ் தேவையில்லை. மணிநேரம் குறைவுதான், ஆனால் பள்ளிக்குள் கால் வைத்துவிடலாம். இங்கே அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளையும் விசாரியுங்கள். ஆள் பற்றாக்குறையால் சில வாரியங்கள் சான்றிதழ் இல்லாதவர்களை அவசரப் பதிலாசிரியர்களாகவும் அழைக்கின்றன. எல்லாவற்றுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பார்கள், அதற்கும் நாளாகும்.

தனியார் பள்ளிகள் சான்றிதழ் இல்லாமலும் எடுப்பதுண்டு. சம்பளத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. இங்கே ஆசிரியர் தகுதி வகுப்பு நிலைகளாகப் பிரிந்திருக்கிறது, அடுத்தடுத்த இரண்டு நிலைகளுக்குத் தருவார்கள். 7 முதல் 12 வரை என்றால் இரண்டு பாடங்கள் வேண்டும். பி.எட்.டில் கணிதத்தோடு இரண்டாவதாக எந்தப் பாடத்தின் கற்பித்தல் முறையைப் படித்தீர்கள் என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். அதைப் பொறுத்து மற்றதைச் சொல்கிறேன்.