கலைச்சொல் வேண்டும்: மின்திறன் அளவியில் ‘பர்டன் ரெசிஸ்டர்’

மடல் 1
குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நுண்கட்டுப்படுத்தியை (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) கொண்டு மின்திறன் அளவி செய்யும் பாடத்தில் ஒரு சொல் மட்டும் பாக்கி: பர்டன் ரெசிஸ்டர்.

கம்பியைச் சுற்றிப் பூட்டும் கவ்வி மின்மாற்றியின் உள்ளே இருக்கும் துணைச்சுருளில் 2000 சுற்று. கம்பியில் 100 ஆம்பியர் ஓடினால் அது 50 மில்லிஆம்பியர் தரும். நுண்கட்டுப்படுத்தி மின்னழுத்தத்தை மட்டுமே படிக்கும் என்பதால் துணைச்சுருளின் குறுக்கே ஒரு தடை வேண்டும்; அதுதான் பர்டன் ரெசிஸ்டர். மாறுமின்னோட்டம் ஆகையால் 100 ஆம்பியரின் உச்சம் 141.4 ஆம்பியர், 2000ஆல் வகுக்க 70.7 மில்லிஆம்பியர். அலை மேலும் கீழும் ஆடுவதால் 5 வோல்ட் நுண்கட்டுப்படுத்திப் பலகையில் நடுப்புள்ளிக்கு மேல் 2.5 வோல்ட்தான் இடம். ஆக 35.4 ஓம்; அதற்குக் கீழே கடையில் கிடைப்பது 33. பலகை 3.3 வோல்ட் என்றால் 22 ஓம்.

பர்டன் என்றால் சுமை; ‘சுமைத்தடை’ என எழுதலாம்தான். ஆனால் அளக்கப்படும் விளக்கையும் மோட்டாரையும் அதே பாடம் ‘சுமை’ என்கிறது.

மடல் 2
சுமைக்குப் பழஞ்சொல் இருக்கவே இருக்கிறது: பொறை. குறள் 1003, ‘தோற்றம் நிலக்குப் பொறை’. 990இல் இருநிலம் தாங்காது என்பதும் இதே பொறைதான். பொறு என்னும் வினையடி. பொறுமை, பொறுப்பு எல்லாம் இதன் கிளைகள். பொறைக்கு மலை என்றும் பொருள்; சேரரின் பொறையன் பட்டம் அங்கிருந்து வந்தது. மலையே நிலத்துக்குப் பாரம் என்ற எண்ணம் இதன் அடியில் உண்டு என்பது என் துணிபு.

எனவே பொறைத்தடை. வினைத்தொகையாக்கினால் பொறுதடை, அங்கே வலி மிகாது, ஊறுகாய் போல. சொல்லும் சிறுக்கும்.

மடல் 3
ஐயா, குறளில் மறுப்பில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘பொறுதடை’யைப் படித்துவிட்டு எதைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்கும். பொறி என்றால் தீப்பொறியும் உண்டு, இயந்திரமும் உண்டு. மின்பாடத்தில் அதன் பக்கத்தில் பொறையை வைப்பது வம்பு.

வேலையைச் சொல்லும் பெயர் போதும்: அளவுத்தடை.

மடல் 4
அளவுத்தடை ஆகாது. ஷண்ட் என்பதும் அளப்பதற்கான தடைதான். ஆனால் அது மின்னோட்டப் பாதையிலேயே தொடராக உட்காரும், மின்கம்பியிலிருந்து பிரிந்திருக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒரு மாணவர் 33 ஓமை விளக்கோடு தொடராகப் போட்டுவிடுவார். அந்தத் தடை கருகிவிடும்.

இன்னொன்று. தடை என்பது பண்பு, பொருள் அன்று. பொருளுக்கு மின்தடையாக்கி என்கிறோம். இலங்கை வழக்கில் தடையி. ‘சுமைத்தடையி’ எவ்வளவு செறிவாக இருக்கிறது!

சொல் எதுவானாலும் இரண்டு எச்சரிக்கை அவசியம். ஒன்று, இந்தத் தடை இல்லாமல் துணைச்சுருளைத் திறந்துவிட்டுக் கவ்வியை மாட்டக்கூடாது. முனைகளில் ஆபத்தான மின்னழுத்தம் எழும். இரண்டு, 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் வகைக் கவ்வியில் இந்தத் தடை உள்ளேயே இருக்கிறது. வெளியே இன்னொன்று சேர்த்தால் இரண்டும் இணையாகி அளவீடு குறைந்து காட்டும்.

மடல் 3-இன் ஆசிரியர்
சரி, அளவுத்தடையை விட்டுவிடுகிறேன். பொறைக்கு என் வாக்கு இல்லை.

கையேட்டில் இதையும் சேருங்கள். கால் ஆம்பியர் விளக்கை அளந்தால் 33 ஓமில் உச்சம் 6 மில்லிவோல்ட்கூட வராது. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பத்து பிட் மாற்றியில், 5 வோல்ட் பலகையில், ஒரு படியே 4.9 மில்லிவோல்ட். திரையில் வருவது இரைச்சல்தான். மின்காப்புள்ள ஒற்றைக் கம்பியைக் கவ்விக்குள் பத்து முறை சுற்றிவிட்டு, நிரலில் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அழித்துச் சுழியம் வரும்.

மடல் 1-இன் ஆசிரியர்
நன்றி. நாளை பக்க அமைப்பு முடிகிறது. ‘சுமைத்தடை’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பர்டன் ரெசிஸ்டர் என்று தமிழெழுத்தில் அடைப்புக்குறிக்குள். குழப்பம் வராதிருக்க விளக்கு, மோட்டாரை எல்லா இடத்திலும் ‘மின்சாதனம்’ என மாற்றியிருக்கிறேன். எச்சரிக்கைகள் இரண்டும் கட்டத்துக்குள் வரும்.

மடல் 4-இன் ஆசிரியர்
தடையி போனது வருத்தமே. ஆனாலும் ஒப்புகிறேன்.

மடல் 2-இன் ஆசிரியர்
நான் ஒப்பவில்லை. ஒரு சொல்லைக் காப்பாற்ற ‘சுமை’யைப் பாடம் முழுதும் மாற்ற வேண்டியிருந்ததே, அதுவே பொறையின் தேவைக்குச் சான்று. மேல்வகுப்பில் சுமைக்கோடு, சுமைக்காரணி வரும்போது இதே சிக்கல் திரும்பும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.