ஐடில்ல மட்டும் வண்டி ஆடுது, ரேஸ் பண்ணா சரியாகுது (பழைய டீசல் பிக்கப்)

ஒட்டன்சத்திரம் லோடு:
வணக்கம்ணே. 2008 மாடல் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், நாலு சிலிண்டர், காமன் ரெயில் (ஒரே பைப்ல ரொம்ப அதிக பிரஷர்ல டீசல தேக்கி வச்சு கம்ப்யூட்டர் மூலமா அடிக்கிற புது சிஸ்டம்) கிடையாது, டீசல அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்புற பழைய ரோட்டரி பம்ப்தான். 3,40,000 கிமீ ஓடியிருக்கு. ராத்திரி ஒட்டன்சத்திரத்துல காய்கறி ஏத்தி விடியுறதுக்குள்ள மதுரை மாட்டுத்தாவணில இறக்கணும், அதுதான் பொழப்பு. ரெண்டு மாசமா டோல்கேட்ல நியூட்ரல்ல நின்னா வண்டி குலுங்குது, கண்ணாடில பின்னாடி வர்ற லைட்டே தெரியல அந்தளவுக்கு ஆடுது, கொஞ்சம் ரேஸ் குடுத்தா ஸ்மூத் ஆயிடுது, லோடு இழுக்குறதுல பெருசா குறை இல்ல. காலைல ஸ்டார்ட் ஆக மூணு நாலு செல்ஃப் அடிக்கணும், அப்புறம் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்னுடும். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ரெண்டும் புதுசு போட்டாச்சு. ஒரு பட்டறைல ஐடில் ஸ்க்ரூவ ஏத்தி விட்டாங்க, ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு மறுபடி அதே கதை. இன்னொருத்தர் நாலு இன்ஜெக்டரும் பம்ப்பும் கழட்டணும் 30,000 கிட்ட ஆகும்ங்கிறார். அவ்ளோ பணத்தப் போட்டும் சரியாகலன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேனி டிரைவர்:
இன்ஜெக்டர் முனைல டீசல தெளிக்கிற நாசில் போயிருக்கும் ப்ரோ. எனக்கும் இதே மாதிரிதான் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியா எரியாம விட்டு விட்டு ஓடுறது) இருந்துச்சு, நாலையும் மாத்துனேன் சரியாயிடுச்சு.

நாமக்கல் டீசல்:
தம்பி இப்ப எதையும் கழட்டாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, டேங்க் ஃபுல்லா இருக்கும்போது ஆட்டம் கம்மியா இருக்கா, டீசல் இறங்க இறங்க ஜாஸ்தி ஆகுதா?

ஒட்டன்சத்திரம் லோடு:
ஆமாண்ணே!! இப்ப நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சுப் பாக்குறேன். நான் ஆயிரம் ரூபாய்க்கு மேல ஒரே தடவைல போட மாட்டேன், டேங்க் எப்பவும் கால்வாசிதான் இருக்கும். போன மாசம் ஊருக்குப் போறப்ப ஃபுல் டேங்க் அடிச்சேன், அன்னைக்கு ஆட்டம் ரொம்பக் கம்மி.

நாமக்கல் டீசல்:
அப்ப முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஏர். டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் இருக்குற லைன் டீசல உறிஞ்சுற லைன், அங்க ஓஸ்ல கீறல் இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும், அதனாலதான் கீழ குனிஞ்சு பாத்தா எல்லாம் காஞ்சு கிடக்கும் யாருக்கும் சந்தேகமே வராது. டேங்க்ல மட்டம் இறங்குனா பம்ப் இன்னும் கஷ்டப்பட்டு உறிஞ்சணும், அப்ப காத்து கூட எடுக்கும். ராத்திரி நிறுத்தி வச்சா லைன்ல இருக்குற டீசல் பின்னாடி டேங்குக்கே இறங்கிடும், காலைல நாலு செல்ஃப் கேக்குறது அதனாலயும் இருக்கலாம். ஐடில்ல ஒவ்வொரு தடவையும் உள்ள போற டீசல் ரொம்பக் கொஞ்சம், அதுல சின்னக் குமிழி வந்தாலும் அந்த சிலிண்டர் சரியா எரியாது. ரேஸ் குடுத்தா டீசல் அளவும் வேகமும் கூடுறதால அது தெரியாமப் போயிடுது. 

செக் பண்றது செலவே இல்ல. பம்ப்புக்குள்ள போற ஓஸ கழட்டி அந்த இடத்துல ஒரு அடி கண்ணாடி மாதிரி தெரியுற டீசல் தாங்குற ட்யூப் போட்டு கிளிப் டைட் பண்ணுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஹெட்லைட் வெளிச்சமோ டார்ச்சோ வச்சுப் பாருங்க. ஆரம்பத்துல ரெண்டு குமிழி வந்து நின்னா பரவால்ல, தொடர்ந்து வந்துட்டே இருந்தா ஏர் எடுக்குது. அடுத்தது அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி பம்ப்ப விட உயரமா பானட் பக்கத்துல கட்டுங்க, பம்ப்புக்குப் போற ஓஸையும் மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஓஸையும் கேன்லயே விட்டு ஓட்டுங்க. ஆட்டம் நின்னா பம்ப்பும் நாசிலும் தப்பிச்சுது, கோளாறு டேங்க்ல இருந்து வர்ற வழிலதான். கேன்லயும் ஆடுனா அப்புறம் நாசில், டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்)னு வரிசையா போகலாம்.

ஐடில் ஸ்க்ரூவ ஏத்துறது வைத்தியம் இல்ல தம்பி, அது ஆட்டத்த மறைக்குது அவ்ளோதான். இந்த மாதிரி ரோட்டரி பம்ப்புக்கு உள்ள தேய்மானம் ஆகாம காக்குறதே ஓடுற டீசல்தான், அதுல காத்து கலந்தே ஓடிட்டு இருந்தா நல்லா இருக்குற பம்ப்பும் போயிடும். அதனால தள்ளிப் போடாதீங்க.

கோவை ஒர்க்‌ஷாப்:
நாமக்கல் அண்ணன் சொன்னது சரி. அதோட இன்ஜின் மவுண்ட் ரப்பரையும் பாத்துருங்க. இன்ஜின் ஒழுங்கா எரிஞ்சாலும் மவுண்ட் ரப்பர் அமுங்கிப் போயிருந்தா ஐடில்ல கேபின் முழுக்க ஆடும். சைலன்சர் சத்தத்தக் கேளுங்க, சத்தம் ஒரே சீரா இருந்து கேபின் மட்டும் ஆடுனா மவுண்ட், சத்தமே விட்டு விட்டு வந்தா மிஸ்ஸிங்.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க ஐடில்ல இன்ஜெக்டர் பைப் நட்ட ஒவ்வொண்ணா அரை சுத்து லூஸ் பண்ணுவோம், லூஸ் பண்ணதும் இன்ஜின் சத்தம் இறங்கணும், இறங்கலன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல. ஆனா இதப் படிக்கிற மத்தவங்க தயவுசெஞ்சு கவனிங்க, காமன் ரெயில் வண்டில இத செய்யவே கூடாது. அதுல பிரஷர் 1,000 பாருக்கு மேல கூட ஏறும், டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிடும், கையையே எடுக்குற நிலைமை வரும். பழைய பம்ப்லயும் கண்ணாடி போட்டுக்கிட்டு துணி சுத்தித்தான் செய்யணும், கைய நேரா கொண்டு போகாதீங்க.

ஒட்டன்சத்திரம் லோடு:
அண்ணே ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை மார்க்கெட் லோடு இல்ல, தெரிஞ்ச மெக்கானிக் தம்பியக் கூட வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்துட்டோம். ட்யூப் போட்டு ஸ்டார்ட் பண்ணா சோடா பாட்டில் மாதிரி குமிழி. கேன் கட்டி ஓட்டுனோம், முக்கால்வாசி ஆட்டம் நின்னு போச்சு. அப்புறம் டேங்க்ல இருந்து ஒவ்வொரு ஜாயிண்டா பாத்துட்டு வந்தோம். சேஸிஸ் ஓரமா வர்ற இரும்பு பைப் முடிஞ்சு ரப்பர் ஓஸ் மாட்டுற இடம், அங்க கிளிப்புக்கு அடில ஓஸ் கட்டை மாதிரி ஆகி கீறி இருந்துச்சு, வெளிய ஒரு சொட்டு ஈரம் இல்ல. கிளிப் நல்லா டைட்டா இருந்ததால அத யாருமே கழட்டிப் பாக்கல. முன்னாடி பின்னாடி ரெண்டு ஓஸும் புதுசு, கிளிப் புதுசு, மொத்தம் 400 ரூபாய் கூட வரல.

மீதி கால்வாசி ஆட்டத்துக்கு கோவை அண்ணன் சொன்ன மாதிரி நட்டு லூஸ் பண்ணிப் பாத்தோம். மூணாவதுல மட்டும் சத்தம் சரியா இறங்கல. அந்த ஒண்ண மட்டும் கழட்டி டெஸ்டர்ல வச்சா பனி மாதிரி அடிக்காம சொட்டுது, அதுக்கு மட்டும் நாசில் மாத்தி புது காப்பர் வாஷர் போட்டாச்சு. தேனி அண்ணே நீங்க சொன்னதுலயும் உண்மை இருந்துச்சு, நாலுக்குப் பதில் ஒண்ணு.

நாமக்கல் டீசல்:
சந்தோஷம் தம்பி. ஏத்தி வச்ச ஐடில் ஸ்க்ரூவ பழையபடி இறக்கிடுங்க, வண்டி புக்குல போட்டிருக்குற ஆர்பிஎம் வச்சா போதும். கால்வாசிக்குக் கீழ டீசல் இறங்குனதும் ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க, ஃபுல் டேங்க்ல பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஒட்டன்சத்திரம் லோடு:
ஸ்க்ரூ இறக்கியாச்சுண்ணே. நேத்து முள்ளு சிவப்புக்கு வர்ற வரைக்கும் வேணும்னே டீசல் போடாம ஓட்டுனேன். கொடைரோடு டோல்கேட்ல அஞ்சு நிமிஷம் நின்னேன், கண்ணாடில பின்னாடி லாரி நம்பர் பிளேட்டே படிக்க முடிஞ்சுது. காலைல ஒரே செல்ஃப்.